நாணயச் சுழலில் லாபம் தேடும் நிரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சனி, ஞாயிறுகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பைத்தானில் கிராஃப் (முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்; நமக்கு நாணயம் முனை, மாற்று விகிதம் கோடு) பாடம் வந்ததும் ஒரு பயிற்சி கொடுப்பேன். ரூபாயை டாலராக்கி, டாலரை இன்னொரு நாணயமாக்கி, அதைத் திரும்ப ரூபாயாக்கினால் காசு கூடுகிறதா என்று நிரலே தேடிச் சொல்ல வேண்டும். இதைப் பற்றிய கேள்விகள் வகுப்போடு நிற்கவில்லை. பிள்ளைகளின் அப்பாக்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகள், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் வரும் ரேட்டுகள் கணக்குக்காக வைத்தவை, இன்றைய ரேட் அல்ல.

அண்ணா, சுழல் லாபம்னா என்னங்க? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க.

1 டாலர் 84 ரூபாய். 1 டாலருக்கு 3.6725 திர்ஹாம் (1997 முதல் அமீரகம் இந்த விகிதத்தில்தான் டாலரோடு கட்டி வைத்திருக்கிறது). 1 திர்ஹாம் 22.95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

84 ரூபாய் கொடுத்து 1 டாலர் வாங்குகிறோம். அதைக் கொடுத்தால் 3.6725 திர்ஹாம். அதை 22.95 வீதம் ரூபாயாக்கினால் 84.28 கிடைக்கிறது. 84 போட்டு 84.28 எடுத்தாயிற்று. அதாவது 1-ஐ வைத்து ஆரம்பித்தால் முடிவில் 1.00338. ஒரு லட்சத்துக்கு 338 ரூபாய். சரக்கு வாங்கவில்லை, விற்கவில்லை, விலை ஏறும் என்று காத்திருக்கவும் இல்லை. இதைத்தான் முக்கோண ஆர்பிட்ரேஜ் என்கிறார்கள். மூன்றுக்கு மேல் நாணயங்கள் இருந்தாலும் விதி அதேதான்: சுற்றிவரும் வழியில் உள்ள விகிதங்களை எல்லாம் பெருக்கினால் 1-ஐத் தாண்ட வேண்டும்.

திசை முக்கியம். இதே மூன்றையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஏறத்தாழ அதே அளவு நஷ்டம்.

இதுக்கு நிரல் எதுக்கு சார், கால்குலேட்டர் பத்தாதா?

மூன்று நாணயத்துக்குப் பத்தும். 30 நாணயம் என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 870 விகிதங்கள். மூன்று நாணயச் சுழல்கள் மட்டுமே 8,120. நான்கு, ஐந்து என்று சுழல் நீள நீள எண்ணிக்கை தலைதெறிக்க ஏறும். அதற்குள் ரேட்டும் மாறிவிடும்.

மடக்கை எடுக்கணும்னு சொன்னீங்களே அண்ணா, அது எதுக்கு? பெருக்கினா ஆகாதா?

பெருக்கலாம். ஆனால், கிராஃபில் குறுகிய வழி தேடும் முறைகள் எல்லாமே கூட்டலுக்காக எழுதப்பட்டவை. ‘ஏ’ ஊரிலிருந்து ‘பி’ ஊருக்கு 10 கிலோமீட்டர், ‘பி’யிலிருந்து ‘சி’க்கு 15, மொத்தம் 25 என்று கூட்டித்தான் அவற்றுக்குப் பழக்கம். நமக்கோ விகிதங்களைப் பெருக்க வேண்டியிருக்கிறது. பெருக்கலைக் கூட்டலாக்குவதற்கென்றே நேப்பியர் 1614-இல் வெளியிட்ட சமாச்சாரம்தான் மடக்கை. பிளஸ் ஒன்னில் அட்டவணை பார்த்துப் படித்தது இப்போது உதவுகிறது.

ஒவ்வொரு விகிதத்துக்கும் மடக்கை எடுத்து, குறியை மாற்றிவிடுகிறோம். அதுதான் அந்தக் கோட்டின் எடை. மேலே பார்த்த சுழலையே எடுங்கள். ரூபாயிலிருந்து டாலருக்கான விகிதம் 1/84, எடை +4.43082. டாலரிலிருந்து திர்ஹாமுக்கு −1.30087. திர்ஹாமிலிருந்து ரூபாய்க்கு −3.13332. மூன்றையும் கூட்டினால் −0.00337. பெருக்கல் 1-ஐத் தாண்டினால் கூட்டுத்தொகை மைனஸில் போகும். ஆகவே கேள்வி இப்படி மாறிவிட்டது: இந்தக் கிராஃபில் மொத்த எடை மைனஸாக வரும் சுழல் ஏதாவது இருக்கிறதா? அதற்கு ஏற்கெனவே பெல்மன்-ஃபோர்டு என்ற நல்ல முறை இருக்கிறது.

மடக்கையின் அடிமானம் 10 ஆனாலும் ‘இ’ ஆனாலும் விடை மாறாது. நான் இயல் மடக்கை வைத்திருக்கிறேன்.

பெல்மன்-ஃபோர்டு எப்படி வேலை செய்யுது? புக்குல படிச்சேன், புரியலை.

ஒவ்வொரு நாணயத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் எழுதி வையுங்கள். ஆரம்பத்தில் எல்லாமே 0. இன்னொரு கட்டத்தில் ‘யார் மூலம் வந்தது’ என்று குறிக்க இடம் விடுங்கள்.

இப்போது ஒவ்வொரு விகிதமாக எடுத்துப் பாருங்கள். கிளம்பும் நாணயத்தின் எண்ணோடு அந்த விகிதத்தின் எடையைக் கூட்டினால், சேரும் நாணயத்தின் எண்ணைவிடக் குறைகிறதா? குறைந்தால் சேரும் நாணயத்தின் எண்ணை அழித்துப் புதியதை எழுதி, ‘யார் மூலம்’ கட்டத்தில் கிளம்பிய நாணயத்தின் பெயரைக் குறியுங்கள். எல்லா விகிதங்களையும் இப்படி ஒருமுறை பார்ப்பது ஒரு சுற்று.

நாணயங்கள் 30 என்றால் 29 சுற்று ஓட்ட வேண்டும். ஏன் 29? 30 முனைகளில் எந்த முனையையும் இரண்டு தடவை மிதிக்காமல் போகும் வழியில் அதிகபட்சம் 29 கோடுகள்தான் இருக்க முடியும். மைனஸ் சுழல் இல்லையென்றால் 29 சுற்றுக்குள் எல்லா எண்ணும் அடங்கிவிட வேண்டும். 30-ஆவது சுற்றிலும் ஏதோ ஓர் எண் குறைகிறது என்றால், எங்கோ ஒரு சுழல் சுற்றச் சுற்றக் குறைத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் நாம் தேடுவது.

வேலை எவ்வளவு? 30 சுற்று, சுற்றுக்கு 870 பார்வை, மொத்தம் 26,100. பழைய லேப்டாப்கூடக் கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடும்.

பல புத்தகங்களில் தொடக்க முனைக்கு மட்டும் 0, மற்றதற்கெல்லாம் முடிவிலி என்று போட்டிருக்கும். அப்படிப் போட்டால் தொடக்க முனையிலிருந்து போய்ச் சேர முடியாத சுழல்கள் கண்ணில் படாமலே போகும். எல்லாவற்றுக்கும் 0 போட்டு ஆரம்பித்தால் அந்தத் தொல்லை இல்லை.

வைவால யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா?

1955-இல் ஆல்ஃபோன்சோ ஷிம்பெல், 1956-இல் லெஸ்டர் ஃபோர்டு, 1958-இல் ரிச்சர்டு பெல்மன். முதலில் எழுதியவர் பெயர் விட்டுப்போயிற்று.

டைக்ஸ்ட்ரா வேகமா ஓடுமே, அதை வச்சா என்ன?

டைக்ஸ்ட்ராவும் குறுகிய வழி தேடும் முறைதான், ஆனால் மைனஸ் எடை இருக்கும் இடத்தில் அது ஆகாது. ஒரு முனையை முடித்துவிட்டதாக அது குறித்த பிறகு, பின்னால் வரும் மைனஸ் கோடு ஒன்று அதைக் குறைத்தால் திரும்பிப் பார்க்காது. நம் கிராஃபில் ஏறக்குறையப் பாதி எடைகள் மைனஸ். வேண்டுமானால் எல்லா ஜோடிக்கும் குறுகிய வழியை ஒரே அட்டவணையாகப் போடும் ஃபிளாய்டு-வார்ஷல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நாணயமும் எல்லாவற்றோடும் இணைந்திருக்கும் நம் அட்டவணையில் இரண்டுக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். அதில் மூலைவிட்டத்தில் ஏதாவது ஓர் எண் மைனஸ் ஆனால் சுழல் இருக்கிறது.

சுழல் இருக்குன்னு சொல்லுது. எந்தச் சுழல்னு பிரிண்ட் பண்ணப் போனா நிக்காம ஓடுதுங்க அண்ணா.

வகுப்பில் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். கடைசிச் சுற்றில் எண் குறைந்த நாணயத்தைப் பிடித்து, ‘யார் மூலம்’ கட்டத்தைப் பார்த்துப் பின்னால் போய்க்கொண்டே இருந்து, கிளம்பிய நாணயமே திரும்ப வரும்போது நிற்கும்படி எழுதியிருப்பீர்கள். ஆனால் எண் குறைந்த நாணயம் சுழலுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சுழலிலிருந்து பிரிந்து தொங்கும் வாலிலும் இருக்கலாம். வாலிலிருந்து பின்னால் போனால் சுழலுக்குள் நுழைந்துவிடுவோம், திரும்ப வாலுக்கு வரவே மாட்டோம். நிரல் செக்குமாடாகச் சுற்றும்.

வைத்தியம் எளிது. அந்த நாணயத்திலிருந்து மொத்த நாணயங்களின் எண்ணிக்கை அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போங்கள். 30 நாணயம் என்றால் 30 அடி. அத்தனை அடி வைத்தால் கட்டாயம் சுழலுக்குள் இருப்போம். அங்கே இருக்கும் நாணயத்தைக் குறித்துக்கொண்டு, அது மறுபடி வரும்வரை போய்ச் சேகரியுங்கள். வரிசை தலைகீழாக வரும், திருப்பிப் போட மறக்காதீர்கள். திருப்பாமல் அச்சிட்டால் திரையில் தெரிவது நஷ்டத் திசை.

அப்புறம், ‘குறைகிறதா’ என்று பார்க்கும் இடத்தில் சின்ன இடைவெளி விடுங்கள், நூறு கோடியில் ஒரு பங்கு போதும். கணினியின் தசம எண்கள் கடைசி இலக்கங்களில் கொஞ்சம் பிசகும். இடைவெளி விடாவிட்டால் அந்தப் பிசகையே லாபம் என்று கொண்டுவந்து நீட்டும்.

அது காட்டுற சுழல்தான் அதிக லாபமா?

இல்லை. ஏதோ ஒரு லாபச் சுழலைக் காட்டும், அவ்வளவுதான். ஒரு முனையை ஒரு தடவைக்கு மேல் மிதிக்காத சுழல்களில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், கேள்வியே வேறு வகைக்குப் போய்விடுகிறது. எல்லா அட்டவணைக்கும் பொருந்தும் வேகமான முறை அதற்கு யாரிடமும் இல்லை. ஒரு மாற்றத்துக்குச் சராசரியாக எவ்வளவு லாபம் என்று பார்த்து, அந்தச் சராசரியில் சிறந்ததைக் கேட்டால் ரிச்சர்டு கார்ப் 1978-இல் கொடுத்த முறை இருக்கிறது. நடைமுறைக்கும் இந்தக் கேள்விதான் பொருத்தம் என்பேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு உண்டல்லவா.

மூணு நாணயச் சுழலை மட்டும் பார்த்தாப் போதாதா?

நல்ல கேள்வி. வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றே என்றால், எல்லா ஜோடிக்கும் ரேட் இருந்தால், போதும். ரூபாய், டாலர், யூரோ, யென், திரும்ப ரூபாய் என்று நான்கு நாணயச் சுழலில் லாபம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே யூரோவுக்கும் ரூபாய்க்கும் குறுக்குக் கோடு ஒன்று போட்டால் இரண்டு முக்கோணம் ஆகிவிடும். குறுக்குக் கோட்டில் ஒரு தடவை அந்தப் பக்கமும் ஒரு தடவை இந்தப் பக்கமும் போகிறோம், அவை ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே இரண்டு முக்கோணங்களின் பெருக்கல் பழைய நான்குக்குச் சமம். அது 1-ஐத் தாண்டியிருந்தால் இரண்டில் ஒன்றாவது 1-ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் வித்தியாசம் வந்துவிட்டால் இந்த வாதம் நொண்டும். குறுக்குக் கோட்டில் போய்வந்தாலே கொஞ்சம் தேய்ந்துவிடும். அப்போது முக்கோணத்தில் தெரியாத லாபம் நீண்ட சுழலில் தெரிய வாய்ப்பு உண்டு. பெல்மன்-ஃபோர்டுக்குத் தேவை அங்கேதான்.

இலவச ரேட் அட்டவணையை இறக்கி ஓட்டினேன் அண்ணா. ஒரு சுழல்கூட வரலை. என் நிரல்ல தப்பா?

உங்கள் நிரல் சரி. அந்த அட்டவணையில் சுழல் இருக்கவே முடியாது.

ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறீர்கள். குப்பனூர் வழியாக இறங்கி வருகிறீர்கள். பாதை வேறு, தூரம் வேறு. ஆனால் கிளம்பிய வாசலுக்கே வந்து நின்றால் ஏறிய மீட்டரும் இறங்கிய மீட்டரும் சரிக்குச் சரி. ஒவ்வோர் இடத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து ஒரே ஓர் உயரம்தான் உண்டு என்பதால் வேறு மாதிரி ஆக வழியில்லை.

இலவசமாகக் கிடைக்கும் அட்டவணைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாள்களில் மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 4 மணி வாக்கில் சுமார் 30 நாணயங்களின் ரேட்டை வெளியிடுகிறது. எல்லாமே யூரோவுக்கு எதிராக மட்டும். அதை வைத்து நீங்கள் ரூபாய்-யென் ரேட் கண்டுபிடித்தால், இரண்டு உயரத்தைக் கழித்து வித்தியாசம் எடுத்த கதைதான். எந்தச் சுழலைச் சுற்றினாலும் கூட்டுத்தொகை 0. நம்மூர் குறிப்பு விகிதமும் இதே வகை. 2018 ஜூலையிலிருந்து எஃப்பிஐஎல் (ஃபைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) நிறுவனம் அதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றின் ரூபாய் மதிப்பை டாலர்-ரூபாய் விகிதத்தின் வழியாகத்தான் எடுக்கிறார்கள்.

சுழல் வேண்டும் என்றால், ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகச் சந்தையில் பேசப்பட்ட வாங்கும் விலையும் விற்கும் விலையும், ஒரே நொடியில் எடுத்ததாக, வேண்டும். அது இலவசமாகக் கிடைப்பது அரிது.

எனக்கு வந்துச்சே! ஒன்றரை சதவீதம் லாபம்னு காட்டுச்சு.

எந்த நாணயம் வழியாக என்று பாருங்கள். வியட்நாம் டாங், இந்தோனேசிய ரூபையா போன்ற சின்ன மதிப்புள்ள நாணயம் இருந்தால் தசமத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு டாங்குக்கு உண்மையில் 0.00335 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை நான்கு தசமத்தோடு நிறுத்தி 0.0034 என்று காட்டும். மறுபக்கம் ஒரு ரூபாய்க்கு 298.5 டாங் என்று சரியாகவே இருக்கும். 298.5-ஐ 0.0034-ஆல் பெருக்கினால் 1.0149. ஒன்றரை சதவீத லாபம் வந்துவிட்டது. டாங்கை ஒருவரும் வாங்கவில்லை, தசமத்தை முழுதாக்கியதில் வந்த ‘லாபம்’.

லாபம் நூறு மடங்கு என்று வந்தால் யென்னைப் பாருங்கள். நம் குறிப்பு விகிதத்தில் யென்னை 100 யென்னுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் போடுவார்கள். தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் உருவினால் 1 யென் 56 ரூபாய் ஆகிவிடும்.

மூன்றாவது சந்தேகம் நேரம். ஒரு ஜோடி வெள்ளிக்கிழமை மாலை ரேட், இன்னொன்று திங்கள் காலை ரேட் என்று கலந்திருந்தால் சுழல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த நிரலை எழுத வைப்பதற்கு என் காரணமே இதுதான். பணம் காய்க்கும் என்றல்ல. நூற்றுக்கணக்கான எண்கள் உள்ள அட்டவணையில் ஒன்றோடொன்று ஒட்டாத எண் எங்கே இருக்கிறது என்று இதைப் போலச் சுருக்காகக் காட்டிக்கொடுக்கும் கருவி வேறில்லை. லாபச் சுழல் என்று அது நீட்டும் இடத்தில் முதலில் உங்கள் தரவின் தப்பைத் தேடுங்கள்.

அதெல்லாம் விடுங்க தம்பி. மணி சேஞ்சர்கிட்ட நேர்ல போய் மாத்தினா?

போர்டில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டாலர் அவர் நமக்கு விற்பது 85.20. டாலருக்குக் கொடுப்பது 3.60 திர்ஹாம். திர்ஹாமை நம்மிடமிருந்து வாங்குவது 22.40. ஒரு லட்சம் கொடுத்தால் 1,173.71 டாலர், அதிலிருந்து 4,225 திர்ஹாம், அதிலிருந்து சுமார் 94,650 ரூபாய். ஒரு சுற்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் போய்விட்டது.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் வரையிலான நாணய மாற்றத்துக்கு, தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவை மதிப்பாக வைத்து அதில் 18 சதவீதம் போடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். திரும்ப ரூபாயாக்கும்போதும் ஒருமுறை.

சட்டமும் இருக்கிறது. பயணம், படிப்பு, வைத்தியம் என்று அனுமதிக்கப்பட்ட தேவைக்குத்தான் வெளிநாட்டுப் பணம் தருவார்கள். சுற்றிவிட்டு லாபம் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நிரலிலும் இதையேதான் செய்ய வேண்டும். ரூபாயிலிருந்து டாலருக்குப் போகும் கோட்டுக்கு விற்கும் விலையின் தலைகீழ், டாலரிலிருந்து ரூபாய்க்கு வரும் கோட்டுக்கு வாங்கும் விலை, இரண்டிலும் கட்டணத்தைக் கழித்துவிட்டு. பெரும்பாலான பிராஜெக்டுகளில் இரண்டுக்கும் நடுவிலை ஒன்றையே போட்டு லாபம் காட்டுகிறார்கள். அந்த விலைக்கு ஒருவரும் விற்க மாட்டார்கள்.

அப்ப நெசமாவே யாரும் இப்படிச் சம்பாதிக்கறது இல்லையா?

சம்பாதிக்கிறார்கள், பெரிய வங்கிகளும் வேகமாக வியாபாரம் செய்யும் நிறுவனங்களும். 2022 ஏப்ரல் கணக்கில் உலக அந்நியச் செலாவணிச் சந்தையில் நாளொன்றுக்கு 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அதில் 88 சதவீத வியாபாரங்களில் ஒரு பக்கம் டாலர். யூரோ-டாலர் போன்ற ஜோடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் வித்தியாசம் மிக மிகச் சின்னது. ரேட் ஒன்றோடொன்று பிசகினால், விலை பேசும் கணினிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கணினிகள் உடனே அதை எடுத்துவிடுகின்றன. அவர்கள் எடுப்பதால்தான் ரேட்டுகள் ஒட்டியே இருக்கின்றன. இங்கிருந்து பிராட்பேண்டில் ரேட் வந்து சேர்ந்து, நம் நிரல் ஓடி, ஆர்டர் போய்ச் சேருவதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கல்: மூன்று மாற்றமும் ஒரே கணத்தில் நடக்காது. முதல் மாற்றம் முடிந்து, இரண்டாவதற்குள் ரேட் நகர்ந்தால் கையில் வேண்டாத நாணயத்தோடு நிற்போம். திரையில் தெரியும் விலையும் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும்தான் செல்லும். ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும் விலை பத்து லட்சம் டாலருக்குக் கிடைக்காது.

சில நாடுகளில் பெரிய சுழல்கள் நாள்கணக்கில் தெரியும். அர்ஜென்டினாவில் பல ஆண்டுகள் டாலருக்கு அரசு ரேட் ஒன்று, கடைத்தெரு ரேட் ஒன்று. நிரல் துள்ளிக் குதித்து லாபம் காட்டும். அரசு ரேட்டில் நினைத்தபடி டாலர் வாங்க முடியாது என்பதுதான் அந்த வித்தியாசத்துக்கே காரணம்.

ஆர்பிட்ரேஜ் ரோபோ விக்கிறாங்க, தினம் 1 சதவீதம் உறுதின்னு. வாங்கலாமா?

வாங்காதீர்கள். தினம் 1 சதவீதம், வருஷத்துக்கு 250 நாள், லாபத்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே வந்தால் 1 லட்சம் 12 லட்சம் ஆகும். அப்படி ஒரு பெட்டி கையில் இருப்பவர் அதை உங்களுக்குச் சில ஆயிரத்துக்கு ஏன் விற்கிறார்?

அந்த ரோபோ ஓடும் தளம் எது என்றும் பாருங்கள். அனுமதியில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. தாராள பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்று சொல்லி மயக்குவார்கள். வெளிநாட்டில் மார்ஜின் (பிணைத்தொகை) கட்டி நாணய வியாபாரம் செய்ய அந்தத் திட்டத்தில் இடமில்லை. மாட்டினால் ஃபெமா என்னும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் பாய்வது உங்கள் மேல்.

என்எஸ்ஈயில டாலர்-ரூபாய், யூரோ-ரூபாய், யூரோ-டாலர் மூணும் இருக்கே?

தேசியப் பங்குச் சந்தையில் இருக்கிறது, முக்கோணமும் அமைகிறது. 2008-இல் டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வந்தது, யூரோ-டாலர் போன்றவை 2018-இல். சட்டப்படி பார்ப்பதற்கு நல்ல ஆய்வுக்களம். ஆனால் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எடுப்பவருக்கு நிஜமான அந்நியச் செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் அழுத்திச் சொன்ன பிறகு அங்கே கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூட்டம் இல்லாத சந்தையில் திரையில் தெரியும் விலைக்கு ஆள் கிடைப்பதில்லை. பார்த்துப் படியுங்கள், பணம் போடாதீர்கள்.

கிரிப்டோல?

சுழல்கள் அங்கே கொஞ்சம் தாராளமாகத் தெரியும். ஆனால் 2022 ஜூலையிலிருந்து விற்பனைக்கு 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் விற்பனைதான். லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அரை சதவீத லாபத்துக்காக ஒவ்வோர் அடிக்கும் 1 சதவீதம் முடங்குவது வியாபாரம் ஆகாது.

தம்பி, வெள்ளிக்கும் இதே கணக்குப் போடலாமா? லண்டன் ரேட்டுக்கும் நம்ம செவ்வாய்ப்பேட்டை ரேட்டுக்கும் எப்பவும் வித்தியாசம் இருக்குதே.

போடலாம் அண்ணாச்சி. வெள்ளியையும் ஒரு நாணயம் மாதிரி கிராஃபில் ஒரு முனையாக வைத்துவிட்டால் போதும். வெளியே விலை டிராய் அவுன்ஸ் கணக்கு, அது 31.1035 கிராம். 30 டாலர் விலை என்றால் கிலோ 964.52 டாலர், 84 வீதம் 81,020 ரூபாய். இங்கே கிலோ 86,000-க்கு விற்கிறது என்றால் 6 சதவீத லாபம் என்று நிரல் கூவும்.

இறக்குமதி வரியைக் கோட்டில் சேர்த்தால் கூவல் அடங்கிவிடும். 2024 ஜூலை பட்ஜெட்டில் வரியை 15 சதவீதத்திலிருந்து 6-க்குக் குறைத்தார்கள். 6 சதவீதம் சேர்த்தால் 81,020 என்பது 85,881. மிச்சம் 119 ரூபாய். அதில் கப்பல் கூலி, காப்பீடு, வங்கிக் கமிஷன் எல்லாம் அடங்க வேண்டும். ஜிஎஸ்டியை இதில் நான் சேர்க்கவில்லை, அது உங்களுக்கே நன்றாகத் தெரியும். நீங்கள் கொலுசில் பார்க்கும் லாபம் கைவேலைக்கும் சேதாரத்துக்கும் உரியது, அது இந்தக் கிராஃபில் வராது.

பிராஜெக்டுக்கு நல்ல தரவு கிடைக்கலைங்க. எதை வச்சு சோதிக்கிறது?

நீங்களே தயார் செய்யுங்கள். 20 நாணயத்துக்கு ஆளுக்கோர் எண் கொடுங்கள், அதுதான் உயரம். இரண்டு உயரங்களின் வித்தியாசத்திலிருந்து எல்லா ஜோடிக்கும் விகிதம் எடுங்கள். நிரலை ஓட்டினால் சுழல் இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு ஏதாவது ஒரு விகிதத்தை மட்டும் அரை சதவீதம் உயர்த்துங்கள். இப்போது அந்தக் கோடு வழியாகப் போகும் சுழலைத்தான் அது காட்ட வேண்டும். வேறொன்றைக் காட்டினால் நிரலில் தப்பு. அதன்பின் எல்லாக் கோட்டிலும் 0.2 சதவீதம் கட்டணம் போடுங்கள். மூன்று கோட்டுக்கு 0.6 என்பதால் முக்கோணம் மறைய வேண்டும். உயர்த்திய ஜோடியில் மட்டும் போய்த் திரும்பி வந்தால் இரண்டு கோடுதான், 0.4 போக மீதி 0.1, அதைக் காட்டித்தான் ஆக வேண்டும். வைவாவில் இதைச் செய்து காட்டுங்கள், தேர்வாளருக்கு வேறு கேள்வி தோன்றாது.

எங்க எஸ்டேட் காபிக்கு ஜெர்மனியிலேர்ந்து யூரோ வருதுங்க. இந்த நிரலால எனக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உண்டு, சுழலை விட்டுவிட்டு வழியைக் கேளுங்கள். மைனஸ் சுழல் இல்லாத கிராஃபில், தொடக்கத்தில் யூரோவுக்கு மட்டும் 0, மற்றதற்கெல்லாம் முடிவிலி என்று போட்டால், இதே நிரல் யூரோவிலிருந்து ரூபாய்க்குப் போகும் ஆகச் சிறந்த வழியைச் சொல்லும். யூரோவை நேரே ரூபாயாக்கலாம், டாலராக்கிப் பிறகு ரூபாயாக்கலாம், அல்லது வங்கியில் அந்நியச் செலாவணிக் கணக்கில் யூரோவாகவே வைத்திருந்து உரம், இயந்திரம் ஏதாவது யூரோவில் வாங்க வேண்டியிருந்தால் அதிலிருந்தே கட்டலாம். ஒவ்வொன்றுக்கும் வங்கி உங்களுக்குச் சொல்லும் ரேட்டைப் போடுங்கள், டிவியில் ஓடும் ரேட்டை வேண்டாம்.

யூரோ-ரூபாய்க்கு வங்கி சொல்லும் விலையே பொதுவாக யூரோ-டாலரையும் டாலர்-ரூபாயையும் பெருக்கி, மேலே வங்கியின் பங்கை வைத்துச் சொல்வதுதான். அதனால் டாலர் வழியாகச் சுற்றுவதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது அந்தப் பங்கைப் பேசிக் குறைப்பதில். வங்கி ரேட் சொல்லும் அதே நிமிஷத்தில் சந்தை ரேட்டையும் பார்த்து, ஒரு யூரோவுக்கு எத்தனை பைசா வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். இரண்டு வங்கியில் கேளுங்கள். யூரோவுக்கு 40 பைசா குறைத்தால் 50,000 யூரோ சரக்குக்கு 20,000 ரூபாய். பணம் வரும்போது நடுவில் உள்ள வங்கி பிடிக்கும் கட்டணம் வாங்குபவர் தலையிலா உங்கள் தலையிலா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.